ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு குளிர்க்கடலில் இறங்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 54. மலேசியாவின் தியோமான் தீவிலும் சிங்கப்பூரின் புலாவ் ஹந்துவிலும் பல ஆண்டுகளாக ஸ்கூபா டைவிங் செய்கிறேன். ரத்தக் கொதிப்புக்கு பிசோப்ரோலால் சாப்பிடுகிறேன். செப்டம்பரில் கனடாவில் மகனிடம் போகும்போது, வேன்கூவர் தீவுக் கடலில் ராட்சத ஆக்டோபஸைப் பார்க்க ஆசை. அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளுமா? அங்கே பெரிய ஜெல்லிமீன் கொட்டுமாமே? - வாசகர், ஈசூன்

பதில்: போகலாம். ஆனால் அதற்கு முன் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். நம் கடல் 28, 29 டிகிரி. அங்கே ஆழத்தில் கோடையிலும் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். உடம்பு விறைத்துப்போகாமல் டிரை சூட் (உள்ளே நீர் புகாத டைவிங் உடை) பார்த்துக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் என் கவலை வேறு: நீருக்கடியில் இருக்கும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது.

கழுத்தளவு நீரில் இறங்கியதுமே கால்களில் உள்ள ரத்தம் மார்புப் பக்கம் தள்ளப்படுகிறது. குளிர் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி இன்னும் கொஞ்சத்தை உள்ளே அனுப்புகிறது. டைவ் நடுவில் சிறுநீர் முட்டுவதும் இதனால்தான். நல்ல இதயம் இந்தப் பளுவைச் சமாளித்துவிடும். நாள்பட்ட ரத்தக் கொதிப்பால் இதயச் சுவர் தடித்துப்போயிருந்தால், அழுத்தம் நுரையீரல் பக்கம் திரும்பி, காற்றறைகளுக்குள் நீர் கசியலாம். பிசோப்ரோலால் வகை மாத்திரைகளும் சிலருக்கு இதைக் கூட்டலாம் என்று கருதப்படுகிறது. அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. வேறு மருந்துக்கு மாறலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தியோமானில் இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள்.

இது வரும்போது ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சுவிடும் கருவி) சரியில்லையோ, பதற்றமோ என்றுதான் தோன்றும். அவ்வளவாக நீந்தாமலே மூச்சு வாங்கும், இருமல் வரும், சளி நுரையாக, சில சமயம் இளஞ்சிவப்பாக வரும். அப்படி ஏதாவது தோன்றினால் அந்த டைவ் அத்தோடு முடிந்தது. கூட்டாளிக்குச் சைகை காட்டி, மூச்சை அடக்காமல், சீராக மேலே வந்து நீரைவிட்டே வெளியேறுங்கள். உட்கார வைத்து ஆக்சிஜன் தரச் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும் மறுநாள் இறங்கவே கூடாது. மறுபடி வரக்கூடியது இது.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே எக்கோ ஸ்கேனும் டிரெட்மில் சோதனையும் செய்துகொண்டு, டைவிங் மருத்துவம் தெரிந்த ஒருவரைப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. கனடா போனதும் முதலில் டிரை சூட் பயிற்சி. கழுத்தையும் மார்பையும் இறுக்காத சூட்டாகப் பாருங்கள். இறங்குமுன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்க வேண்டாம், தாகத்துக்குக் குடித்தால் போதும். முகத்தில் குளிர்நீர் பட்டதும் மூச்சு திணறும். ஓரிரு நிமிடம் மேலேயே மிதந்து, மூச்சு சீரான பிறகு இறங்குங்கள். எதிர்நீரோட்டத்தில் முக்கி முக்கி நீந்தும் இடங்களை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஜெல்லிமீன். நீங்கள் கேட்பது சிங்கப்பிடரி ஜெல்லிமீனாக இருக்கும். டிரை சூட்டில் உதட்டோரமும் கன்னமும்தான் வெளியே தெரியும், அங்கே பட்டால் நன்றாக எரியும். வினிகர் ஊற்றிக் கழுவி, தோல் பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீர் ஒத்தடம் 40 நிமிடம் கொடுங்கள். தேய்க்கவோ ஐஸ் வைக்கவோ வேண்டாம். கண்ணருகே பட்டிருந்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பல நாள் டைவ் செய்தால், கடைசி டைவுக்கும் சிங்கப்பூர் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டால் இன்னும் நல்லது.