எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனாலும் படபடப்பு ஏன்?

கேள்வி: வயது 34. திருவொற்றியூரில் மாமியார், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். கணவர் குவைத்தில் வெல்டர், போய் 3 வருஷம் ஆகிறது. ராத்திரி 12.30 மணிக்குத்தான் அவர் போன் வரும், காலை 5 மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்துவிடுவேன். 6 மாதமாகப் படபடப்பு, தலைவலி. ஈசிஜி, எக்கோ நார்மல். மெடிக்கலில் வாங்கிய தூக்க மாத்திரையை தினமும் போடுகிறேன். "மாசாமாசம் பணம் வருது, உனக்கென்ன குறை" என்கிறார் மாமியார். எனக்கு நிஜமாகவே நோய்தானா?

பதில்: நிஜம்தாம்மா, நீங்களாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. ராயபுரம், வியாசர்பாடி பக்கம் கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு டாக்டரிடம் வருவதே இல்லை, நெஞ்சு படபடக்குது, கை கால் மரத்துப்போகுது, கேஸ் என்றுதான் வருவார்கள். பதற்றமும் மனச்சோர்வும் உடம்பு வழியாகத்தான் முதலில் பேசும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த போன் நேரம். அங்கே ராத்திரி 10 என்றால் இங்கே 12.30. பேசி முடித்து, அப்புறம் கடன், ஃபீஸ் என்று யோசித்துவிட்டுப் படுத்தால் 4 மணி நேரம்கூடத் தூக்கம் தேறாது. மாதக்கணக்கில் இப்படிப் போனால் யாருக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளாது? கணவரிடம் சொல்லுங்கள். பாவம், வெயிலில் கஷ்டப்படுகிறார், இதை வேறு சொல்லணுமா என்று மறைக்க வேண்டாம். வேலை நாளில் வாய்ஸ் மெசேஜ் போதும், அங்கே வெள்ளிக்கிழமை லீவு என்றால் அன்று பகலில் ஆற அமரப் பேசுங்கள்.

அந்த மாத்திரை அல்பிரசோலம் வகையாக இருந்தால் பயந்துபோய் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். தினமும் போட்டுப் பழகிய பிறகு திடீரென்று விட்டால் நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சீட்டு இல்லாமல் இதைக் கொடுப்பதே தவறு.

பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பிபி, சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு டீயும் பன்னுமாகக் காலையை ஓட்டுகிறவர்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்கியிருப்பது சகஜம், அதுவே படபடப்பைக் கொடுக்கும், தைராய்டு கூடினாலும் அப்படித்தான்.

இதோடு நிற்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் ஒரு காலை போய் வாருங்கள். அவர்கள் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் குணம் தெரியும், 4 நாளில் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். வெளியே போக முடியாத நாளில் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போடுங்கள், இலவசம், தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். வாழ்ந்து என்ன என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முடிந்தால் மாமியாரையும் கூட்டிப் போங்கள். அவரும் பிள்ளையைப் பிரிந்து இருப்பவர்தானே, டாக்டர் வாயால் கேட்டால் புரிந்துகொள்வார், அவருக்கும் பிபி பார்த்த மாதிரி இருக்கும்.