அதிபரின் பேச்சையே ஒட்டுக்கேட்டவர்கள் அப்பாவின் பேச்சை விடுவார்களா?

கேள்வி: ஐயா, நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற சொல்தா, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், வயது 81. அண்ணன் குடும்பம் பாரிசுக்கு அருகில் இருக்கிறது. தினமும் இரவு வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றையும் வங்கி விவரங்களையும் அதிலேயே அனுப்புகிறோம். மூன்று பிரெஞ்சு அதிபர்களின் பேச்சை நட்பு நாடான அமெரிக்காவே ஒட்டுக்கேட்டது பற்றிய ஒரு பழைய தொகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து அப்பா அண்ணனிடம் சரியாகப் பேசுவதில்லை. கைபேசியை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிவைக்கிறார். பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதித் தரும்படியும் கேட்கிறார். அவருடைய பயம் நியாயமானதா? வாட்ஸ்அப்பை விட்டுவிட வேண்டுமா? கடிதம் எழுதினால் பயன் உண்டா?

பதில்: உங்கள் அப்பாவைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திவிட்டு 2013 ஜூனில் ஹாங்காங்கில் தங்கியிருந்த எட்வர்டு ஸ்னோடன், தம்மைச் சந்திக்க வந்த வழக்குரைஞர்களின் கைபேசிகளைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்; உங்கள் வீட்டுத் தூக்கும் ஏறக்குறைய அதே யோசனைதான். ஆனால் அறையில் நடக்கும் பேச்சைக் கைபேசியின் ஒலிவாங்கி பிடித்துவிடக் கூடாது என்பது ஸ்னோடனின் கவலை. அப்பாவோ மகனோடு பேசுவதற்கென்று இருக்கும் கருவியையே மூடிவைக்கிறார். மூடிய பாத்திரத்துக்குள் அலை மெலிந்துபோவதால் கைபேசி கோபுரத்தைத் தேடித் தேடிப் பேட்டரியைத் தீர்த்துக்கொள்ளும். அண்ணன் அழைப்பதும் தெரியாமல் போகும். ஆகவே தூக்கை அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பையும் விட வேண்டாம். பயத்தில் எது நியாயம், எது மிகை என்பதைப் பிரித்துக் காட்டினால் அவரே சமாதானம் அடைவார் என்று நினைக்கிறேன்.

அவர் பார்த்த செய்தி உண்மையானது. ரகசிய ஆவணங்களை அம்பலப்படுத்தும் விக்கிலீக்ஸ் தளம் 2015 ஜூன் 23 அன்று வெளியிட்ட ஆவணங்கள், 2006 முதல் 2012 வரை ஷிராக், சர்கோசி, ஒல்லாந்து ஆகிய மூவரின் பேச்சும் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் காதுக்குப் போனதைக் காட்டின. அப்போது அதிபராக இருந்த ஒல்லாந்து பாதுகாப்புக் கூட்டத்தைக் கூட்டினார், ஒபாமாவுடன் பேசினார். வெளியுறவு அமைச்சர் ஃபாபியஸ் அமெரிக்கத் தூதரை அழைத்து விளக்கம் கேட்டார். அந்தத் தொகுப்பில் சொன்னார்களோ என்னவோ, அதற்கு மறுநாளே, ஜூன் 24 அன்று, பிரெஞ்சு நாடாளுமன்றம் தன் சொந்த உளவு அமைப்புகளுக்கு விரிந்த அதிகாரம் தரும் சட்டத்தை இறுதியாக நிறைவேற்றியது. ஒரு கையால் அண்டை வீட்டானைக் கண்டித்துக்கொண்டே மறு கையால் தன் வீட்டுச் சன்னலில் தொலைநோக்கியைப் பொருத்திய கதைதான்.

ஜெர்மனியில் நடந்ததும் இதற்குக் குறைந்ததில்லை. 2013இல் ஜெர்மனியின் பிரதமராக இருந்த அங்கேலா மெர்கலின் கைபேசி எண் 2002 முதலே அமெரிக்கக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது என்று 2013 அக்டோபரில் செய்தி வந்தது. நண்பர்களுக்குள் வேவு பார்ப்பது அறவே கூடாது என்று அவர் சொன்ன ஒரு வரி ஐரோப்பா முழுக்க ஒலித்தது. அந்தச் செய்தியில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. கண்காணிக்கப்பட்ட எண் அவருடைய கட்சியின் கைபேசி எண். மறையாக்கப் பாதுகாப்புள்ள, அதாவது பேச்சைப் பிறருக்குப் புரியாத குறிகளாக மாற்றி அனுப்பும், அரசுக் கருவி கிடைக்கும் நிலையில் இருந்தவரே, கைக்கு வசதியான கருவியில் பேசினார். பாதுகாப்பு ஒழுகுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வசதியின் வழியாகத்தான்; உங்கள் வீட்டுக்கும் இது பொருந்தும் என்பதால் பிறகு இதற்கே வருகிறேன்.

மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பார்த்தால், கோபம் நாட்டுக்கு நாடு வேறு நிறம் கொண்டிருந்தது. பிரேசில் அதிபர் தில்மா ரூசெஃப் வாஷிங்டன் அரசுமுறைப் பயணத்தையே கைவிட்டு, ஐ.நா. பொதுச் சபையில் நேருக்கு நேர் குற்றம் சாட்டினார். இந்தோனேசிய அதிபர் யுதோயோனோ, அவர் மனைவி ஆகியோரின் கைபேசிகளை 2009இல் ஆஸ்திரேலியா குறிவைத்தது தெரியவந்தபோது ஜகார்த்தாவில் கொடிகளை எரித்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்த தன் தூதரை இந்தோனேசியா திரும்ப அழைத்துக்கொண்டது. ஜெர்மானியர்களுக்குச் சொந்த மக்களையே வேவு பார்த்த கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையின் நினைவு இன்னும் ஆறாத புண்ணாக இருந்ததால் அங்கே வருத்தம் ஆழமாக இறங்கியது. அமெரிக்க அரசு தன் மக்களின் தனிமனித உரிமைகளை மதிக்கிறது என்று நம்பியவர்கள் ஜெர்மனியில் 2013இல் 81 விழுக்காடு. அடுத்த ஆண்டு 58. பிரேசிலில் 76 என்பது 51 ஆகச் சரிந்தது. பியூ ஆய்வு மையத்தின் கணக்கு இது. பிரான்சிலோ எல்லாரும்தான் கேட்கிறார்கள் என்ற சலிப்பு மேலோங்கியது. நாமும் ஒட்டுக்கேட்கிறோம், ஆனால் அமெரிக்கர்களுக்கு இருக்கும் வசதி நமக்கு இல்லையே என்று பொறாமையாக இருக்கிறது என்ற பொருளில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் குஷ்னேர் வானொலியில் பேசியதைப் பலர் ரசித்தார்கள். நம் நாட்டிலும், 2010இல் அமெரிக்க முகமை கண்காணிக்க அனுமதி பெற்ற வெளிநாட்டுக் கட்சிகளின் பட்டியலில் பாரதிய ஜனதா கட்சியும் இருந்தது என்று 2014இல் தெரிந்தபோது, அமெரிக்கத் தூதரக அதிகாரியை அழைத்து அரசு கண்டித்தது. சில நாட்களில் பேச்சு அடங்கிவிட்டது.

இவ்வளவு கோபத்துக்கும் கிடைத்த பலன் யாருக்குப் போனது என்று கேட்டால், தலைவர்களுக்குத்தான் என்பேன். 2014 ஜனவரியில் ஒபாமா, தேசியப் பாதுகாப்புக்குக் கட்டாயத் தேவை இருந்தாலொழிய நெருங்கிய நட்பு நாட்டுத் தலைவர்களின் பேச்சைக் கண்காணிக்க மாட்டோம் என்று அறிவித்தார். அந்த வாக்கு எவ்வளவு உறுதியானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அமெரிக்காவுக்கு வெளியே வாழும் வெளிநாட்டவரின் தகவல்தொடர்பை, ஆளுக்கொரு நீதிமன்ற வாரண்டு இல்லாமலேயே திரட்ட இடந்தரும் அமெரிக்கச் சட்டம் அதற்குப் பிறகும் நடைமுறையில் இருந்தது. தலைவரின் மானத்துக்கு நேர்ந்த இழுக்கைப் பற்றித் தெருவில் பேசிய மக்கள், தங்கள் வீட்டு அழைப்புகள் குவியல் குவியலாக அள்ளப்பட்டதைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள். 2012 டிசம்பர் 10 முதல் 2013 ஜனவரி 8 வரையிலான 30 நாட்களில் பிரான்சின் 7 கோடியே 3 லட்சம் தொலைபேசிப் பதிவுகள் சேகரிக்கப்பட்டன என்ற செய்தியும் மெர்கல் விவகாரம் வெடித்த அதே வாரத்தில்தான் வந்தது. அவற்றை ஐரோப்பிய உளவு அமைப்புகளே எங்களுக்குத் தந்தன என்று அமெரிக்கத் தரப்பு பதில் சொன்னது இன்னொரு வேடிக்கை.

பதிவு என்றால் என்ன என்பது புரிந்தால்தான் அப்பாவின் பயத்தை அளக்க முடியும். அதை என் தொழிலிலிருந்தே சொல்கிறேன். இளம் வயதில் தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் பலகையில் நான் வேலை பார்த்தபோது, ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு சிறு சீட்டு எழுதுவோம். அழைத்த எண், அழைக்கப்பட்ட ஊரும் எண்ணும், இணைப்புக் கிடைத்த நேரம், பேசிய நிமிடங்கள் ஆகிய நான்கு விவரங்களுக்கு மேல் அதில் இருக்காது. பேச்சைக் கேட்கக் கூடாதென்பது விதி. கேட்கவும் தேவையிருக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஒரே வீட்டிலிருந்து நெய்வேலி, காரைக்கால், சென்னை என்று அடுத்தடுத்து இரண்டிரண்டு நிமிட அழைப்புகள் போனால் அந்த வீட்டில் சாவு என்று பலகையில் இருந்த எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மாலையில் ஒரே வெளியூர் எண்ணுக்கு நாலு நாள் தொடர்ந்து பேசிவிட்டு ஐந்தாம் நாள் பத்து ஊர்களுக்குப் பேசினால் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று அர்த்தம். சீட்டே எல்லாவற்றையும் சொல்லிவிடும். கோடிக்கணக்கில் அள்ளப்பட்டவை பெரும்பாலும் இப்படிப்பட்ட சீட்டுகள்தான். அவற்றை அடுக்க எங்களிடம் ரப்பர் பேண்டு இருந்தது, அவர்களிடம் கணினி இருக்கிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். 2016 முதல் வாட்ஸ்அப்பில் நீங்கள் பேசுவதும் அனுப்புவதும் உங்கள் கைபேசியில் பூட்டப்பட்டு அண்ணனின் கைபேசியில்தான் திறக்கின்றன. இடையில் கம்பியையோ அலையையோ பிடிப்பவருக்கு உள்ளடக்கம் கிடைக்காது. யார் யாரோடு எப்போது தொடர்புகொண்டார்கள் என்ற அந்தச் சீட்டு மட்டும் நிறுவனத்திடம் இருக்கும். முத்தியால்பேட்டையில் ஓர் அப்பா இரவு ஒன்பதரைக்குத் தன் மகனை அழைக்கிறார் என்ற சீட்டை வைத்து எந்த உளவு அமைப்பும் பெரிதாக எதையும் செய்துவிடப் போவதில்லை. பூட்டைச் சுற்றிக்கொண்டு கைபேசிக்குள்ளேயே நுழையும் பெகாசஸ் போன்ற மென்பொருள்கள் உண்மைதான். அதற்கு இலக்காகியிருக்கக்கூடியவர்கள் என்று 2021இல் வெளியான எண் பட்டியலில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனின் எண்ணும் இருந்தது. ஆனால் அவை மிகுந்த விலை கொடுத்துக் குறிப்பிட்ட ஆட்கள் மீது ஏவப்படுபவை.

உங்களுக்கு இருக்கும் ஆபத்து வெளிநாட்டிலிருந்து வருவதைவிடத் தெருமுனையிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். உயிர்வாழ் சான்றை அச்செடுக்க எங்கே போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அப்பாவின் பெயர், பிறந்த தேதி, ஓய்வூதிய எண், கையெழுத்து எல்லாம் அந்தக் கணினியின் தரவிறக்கக் கோப்புறையில், வேறு நூறு பேரின் ஆதாரோடு சேர்ந்து கிடக்கின்றன. மெர்கல் தம் கட்சிக் கைபேசியில் பேசியதும் நாம் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு உருவங்கள். எனவே சான்றைப் பென் டிரைவில் கொண்டுபோய், கண்முன் அச்செடுத்து, கோப்பை அங்கே படியெடுத்திருந்தால் அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினி எதுவும் இணைந்திருந்தால் நீக்குங்கள். இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை வையுங்கள். காப்புப்பிரதிக்கு மறையாக்கத்தைத் தனியே இயக்க வேண்டும், அதை இயக்குங்கள். வங்கி விவரத்தை அனுப்பியபின் இரு பக்கமும் அழித்துவிடுவது நல்லது. அப்பாவின் பெயரில் அவருக்குத் தெரியாமல் சிம் அட்டை இருக்கிறதா என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஓய்வூதியம் நின்றுவிடும் என்று மிரட்டி யாராவது ரகசிய எண் கேட்டால் பேச்சைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

நம் அரசே கேட்டால் என்ன செய்வது என்றும் அப்பா கேட்கக்கூடும். அதற்கு விதிப்படி பொதுவாக உள்துறைச் செயலர் நிலையில் எழுத்து ஆணை வேண்டும். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இல்லாமல், குற்றத்தைத் துப்பறிவதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஆணையை ரத்து செய்திருக்கிறது. புதுச்சேரியும் அதே நீதிமன்றத்தின் வரம்புக்குள்தான் வருகிறது.

கடைசியாக, கடிதம். துணைத் தூதரகத்துக்கு எழுதுவது, அடி வாங்கியவரிடமே போய் ஏன் அடித்தீர்கள் என்று கேட்பது போல ஆகிவிடும். இந்த விவகாரத்தில் பிரான்சு பாதிக்கப்பட்ட தரப்பு. ஆனால் அப்பாவை எழுதவிடாமல் தடுக்காதீர்கள். வெளிநாடு வாழ் பிரெஞ்சுக் குடிமக்களுக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவையில் 11 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் வசிப்பவர்கள் 11ஆம் தொகுதி வாக்காளர்கள். அவர் வாக்களிக்கும் உறுப்பினருக்கே எழுதலாம். எழுதும்போது அதிபர்களின் மானத்தைப் பற்றி இரண்டு வரியும், தன்னைப் போன்றவர்களின் அழைப்புப் பதிவுகளை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு பக்கமும் ஒதுக்கச் சொல்லுங்கள். முதலாவதற்குப் பதில் ஏற்கெனவே எழுதிவைத்திருப்பார்கள். இரண்டாவதற்கு யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

பிரெஞ்சு உளவு அமைப்புகளே தன்னைக் கண்காணிக்கின்றனவோ என்ற ஐயமும் அவருக்கு இருந்தால், 2015 சட்டம் அமைத்த உளவு நுட்பக் கட்டுப்பாட்டுத் தேசிய ஆணையத்துக்குத் தனியே விண்ணப்பிக்கலாம். யாரும் கேட்கலாம். சரிபார்த்தோம் என்று மட்டும் பதில் வரும். கண்காணித்தார்களா இல்லையா என்பதைச் சொல்ல மாட்டார்கள் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பதிலே அவருடைய தூக்கத்தைக் கெடுக்கும். அதற்கு மேல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான பிரெஞ்சு அரசு மன்றத்தை அணுகும் வழியும் உண்டு. கடிதத்தைப் பிரெஞ்சில் அவர் கையாலேயே எழுதி, அடையாள அட்டையின் நகலை இணைத்துப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். நகலை மட்டும் தெருமுனைக் கடையில் எடுக்காமல் வீட்டில் யாரிடமாவது அச்சுப்பொறி இருந்தால் அதில் எடுங்கள்.