1916 டப்ளின் கிளர்ச்சி: மௌனச் செய்திப்படங்களில் சண்டையே காணோமே, ஏன்?

1916-இல் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஐரிஷ் மக்கள் நடத்திய கிளர்ச்சியைக் காட்டும் மௌனச் செய்திப்படங்களில் இடிந்த சுவர்களும் வேடிக்கை பார்க்கும் கூட்டமும்தான் தெரிகின்றன. கேமரா தாமதமாக வந்ததுதான் காரணம்.

ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்களன்று கிளர்ச்சியாளர்கள் டப்ளினின் முக்கிய வீதியான சாக்வில் தெருவின் தலைமை அஞ்சலகத்தைக் கைப்பற்றினார்கள். 29-ஆம் தேதி சரணடைந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் ராணுவச் சட்டம், தெருவெங்கும் துப்பாக்கிச் சூடு. முக்காலியில் நிறுத்திக் கையால் சுற்றும் கனமான கேமராவோடு அங்கே யாரும் நிற்க முடியாது. நெருப்பு உச்சத்தில் இருந்தது இரவில்; அன்றைய ஃபிலிமோ சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணராது. நகரத்தின் மையத்தை அழித்த தீயையே அந்த ஃபிலிமால் சரியாகப் பிடித்திருக்க முடியாது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

பீரங்கிக் குண்டுகளும் அதைத் தொடர்ந்து பரவிய தீயும் சேர்ந்துதான் அந்தத் தெருவை விழுங்கின. சூட்டுக்கு நடுவே தீயணைப்புப் படையால் வேலை செய்ய முடியவில்லை. அஞ்சலகத்தில் மிஞ்சியது வெளிச்சுவர் மட்டும். பக்கத்திலேயே நெல்சன் தூண் என்ற உயரமான நினைவுச்சின்னம் அசையாமல் நிற்கும். படம் பார்க்கும்போது இடத்தை அடையாளம் காண அதைத் தேடுங்கள். (அது 1966-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.)

படத்தில் இல்லாததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறந்தவர்கள் ஏறக்குறைய 485 பேர், அவர்களில் பாதிக்கு மேல் பொதுமக்கள். மே 3 முதல் டப்ளினின் கில்மைனம் சிறையில் கிளர்ச்சித் தலைவர்களுக்கு நிறைவேற்றப்பட்ட மரண தண்டனைகளும் திரைக்கு வரவில்லை. டப்ளின் மக்களின் மனதைக் கிளர்ச்சியாளர்கள் பக்கம் திருப்பியதில் இடிபாடுகளைவிட அந்தத் தண்டனைகளுக்கே பெரும்பங்கு.

இந்தப் படங்களில் ஆட்கள் ஓடுவதுபோல் தெரிவது பதற்றத்தால் அல்ல. நொடிக்கு ஏறக்குறைய 16 படங்களாக எடுத்ததை 24-ஆக ஓட்டுவதால் வருவது அது.