மெட்ராஸ் ஐ: ஓபியில்தான் ஒட்டியதா?

மகனைக் கண்ணாடிக்காகக் கண் மருத்துவமனை ஓபியில் காட்டிவிட்டு வந்து ஒரு வாரத்தில் அவனுக்கு ஒரு கண் சிவந்தது, மூன்றாம் நாள் மறுகண்ணும் சிவந்தது என்கிறீர்கள். அங்கே ஒட்டியிருக்க நன்றாகவே வாய்ப்புண்டு. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோவைரஸ் வேலை. தொற்றி 5 முதல் 12 நாளில் கண் சிவக்கும். நாற்காலிக் கைப்பிடி, கன்னத்தை வைக்கும் பரிசோதனைக் கருவி, சொட்டு மருந்தின் முனை, இவற்றில் அந்த வைரஸ் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

நீர் வடிகிறதா, சீழா? காதுக்கு முன்னால் தொட்டால் நெரி கட்டியதுபோல வலிக்கிறதா? நீரும் நெரியும் என்றால் வைரஸ்தான் என்று சந்தேகப்படலாம். பார்த்தாலே ஒட்டும் என்பதெல்லாம் கதை. கையும் துண்டும்தான் பரப்பும். சானிடைசரை நம்பாதீர்கள், இந்த வைரஸுக்குச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவதே மேல். தலையணை உறையைத் தினமும் மாற்றுங்கள்.

அப்புறம், போன வருஷம் மிச்சமான சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வினைதான். பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பட்டுக் கண் கூசினாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நீர் வடிவது நிற்கும்வரை பள்ளிக்கு லீவு போடுங்கள்.