கோயம்புத்தூரைத் திருப்பூர், சேலம், திருச்சி, ராஜ்கோட் போன்ற போட்டி நகரங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது எது?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில் சிறுவாணித் தண்ணீர், சிலுசிலுவென்ற காற்று, 'ங்க' போட்டுப் பேசும் பேச்சு. எல்லாம் உண்மைதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் வருகிறது, கொங்குத் தமிழ் ஈரோட்டிலும் கேட்கிறது. பக்கத்து ஊர்களிலும் கிடைப்பதைத் தனித்துவம் என்று சொல்ல முடியாது.

கோவையைத் தனியாகக் காட்டுவது வேறு. ஓர் இயந்திரத்துக்கு வேண்டிய உதிரிகள் அத்தனையையும், ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத தனித்தனிப் பட்டறைகள் ஒரே ஊருக்குள் செய்து தருகின்றன. பம்பு செய்கிற அதே பட்டறை நாளைக்குக் கிரைண்டருக்கும், மறுநாள் நூற்பாலை இயந்திரத்துக்கும், அடுத்த வாரம் முன்பின் பார்க்காத ஒரு புது இயந்திரத்துக்கும் உதிரி கடையும். மற்ற தொழில் நகரங்கள் பலவற்றில் பட்டறைகள் ஒரு பொருளையோ ஒரு பெரிய கம்பெனியையோ நம்பி நிற்கின்றன.

புரிய வேண்டுமானால் ஒரு ஹெச்.பி. மோனோபிளாக் பம்பை, அதாவது மோட்டாரும் பம்பும் ஒரே உடலாகச் சேர்ந்ததை, பிரித்துப் பாருங்கள். வெளியே தெரிவது கேசிங் என்ற வார்ப்பிரும்புக் கூடு. அதை வார்ப்பதற்கான மாதிரி (பேட்டர்ன்) முதலில் பேட்டர்ன் கடையில் மரத்திலோ அலுமினியத்திலோ உருவாகிறது. உருகிய இரும்பு ஆறும்போது நீளத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். கடைசலில் எடுக்க மேலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட வேண்டும். இந்தக் கணக்கு பேட்டர்ன்காரர் கையில் இருக்கிறது. இங்கே தப்பினால் அடுத்து இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரி எவ்வளவு நல்லதானாலும், வார்ந்து வரும் காஸ்டிங் உதவாது. பவுண்டரியில் மணலில் ஈரம் கூடினால் இரும்புக்குள் காற்றுக் குமிழ் விழும். வெளியே தெரியாது, லேத்தில் ஒரு சுற்றுக் கடைந்த பிறகுதான் ஓட்டை பல்லிளிக்கும். உட்குழிவுக்காக உள்ளே வைக்கிற கோர் அச்சு கொஞ்சம் நகர்ந்துவிட்டால் சுவர் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்துவிடும். அந்தப் பம்பு அழுத்தச் சோதனையில் மெலிந்த பக்கம் கசியும்.

அடுத்தது மோட்டார். அரை மில்லிமீட்டர் தடிமன் சிலிக்கான் எஃகுத் தகடுகளை டை என்ற வெட்டு அச்சில் வெட்டி அடுக்கினால் ஸ்டாம்பிங். டை மழுங்கி வெட்டு விளிம்பில் பிசிறு நின்றால் தகடுக்குத் தகடு மின்தொடர்பு ஏற்பட்டு, சுமையே இல்லாமல் ஓடும்போதும் மோட்டார் சுடும். ஆகவே ஸ்டாம்பிங் கடைக்குப் பக்கத்திலேயே டை தீட்டித் தரும் டூல்ரூம் இருந்தாக வேண்டும். மோட்டாருக்குள் சுழலும் பாகமான ரோட்டாரில் அலுமினியத்தை அழுத்தி ஊற்றுவது இன்னொருவர் வேலை. அந்த அலுமினியக் கம்பிகளுக்குள் வெற்றிடம் விழுந்தால் மோட்டார் ஓடும், ஆனால் வேகம் குறையும், சூடு ஏறும், காரணம் சட்டென்று பிடிபடாது. சுழல் தண்டான ஷாஃப்ட் ஒரு பட்டறை, தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் ஒன்று, தாமிரக் கம்பி சுற்றி வார்னிஷில் முக்கிச் சூளையில் காய வைப்பது மற்றொன்று. சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டரையும் எட்டாது. நான்கு பேர் நான்கு இடத்தில் செய்த பாகங்கள் அந்த இடைவெளிக்குள் ஒன்றையொன்று தொடாமல் சுழல வேண்டும்.

இந்தப் பட்டறைகள் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ என்று ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன. காஸ்டிங்கில் கோளாறு என்றால் அதை வண்டியில் தூக்கி வைத்துக்கொண்டு பவுண்டரிக்கே போய்க் காட்டலாம். பவுண்டரிக்காரர் பேட்டர்ன்காரரைக் கூப்பிடுவார், பிரச்சினை அன்றைக்கே முடியும். என் கணிப்பில் இந்த நகரத்தின் உண்மையான மூலதனம் இந்தப் பக்கத்துப் பக்கத்து இருப்புதான். எல்லாம் கையருகே இருந்தால் நூறு பம்பு செய்கிறவரும் தொழில் நடத்த முடியும். பத்தாயிரம் செய்தால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலை இல்லை.

இது எப்படி வந்தது? கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நூற்பாலை தொடங்கினார். 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் அடுத்தடுத்து முளைத்தன. ஆலை என்றால் தினமும் ஏதாவது உடையும். உதிரி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும்வரை இயந்திரத்தை நிறுத்தி வைக்க முடியாது. பழுது பார்க்கும் பட்டறைகள் உதிரி செய்யக் கற்றுக்கொண்டன, உதிரி செய்தவர்கள் முழு இயந்திரத்துக்குப் போனார்கள். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டாரை இங்கேயே செய்துவிட்டார்கள்.

அந்த மோட்டாருக்கு வாங்குபவர் ஊரைச் சுற்றியே இருந்தார். மேற்கே மலையடிவாரத்தில் மழை கொட்டும், கிழக்கே சூலூர், பல்லடம் பக்கம் மழை மறைவுப் பகுதி. பாறையைக் குடைந்து கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்து வந்த விவசாயிக்குக் கரண்டு மோட்டார் பெரிய விடுதலை. கிணறு ஆழமாக ஆழமாகப் பம்பும் மாற வேண்டியிருந்தது. பின்னர் போர்வெல் வந்தது. இன்று ஆயிரம் அடி போர் இந்தப் பக்கம் அதிசயமில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியாவெங்கும் போய் நாலரை இஞ்சும் ஆறரை இஞ்சும் துளை போடுகிறது, அந்தத் துளைக்குள் கோவையின் சப்மெர்சிபிள், அதாவது தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்பு, இறங்குகிறது.

ஊரின் குறையே இங்கே தொழிலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. கிராமத்து லைனின் கடைக்கோடியில் வோல்டேஜ் விழும். மோட்டாரின் சுழற்றுவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300 வந்தால் விசை பாதியாகிவிடும், கரண்டை அதிகம் இழுத்து வைண்டிங் (தாமிரச் சுற்று) கருகும். குறைந்த வோல்டேஜிலும் தாக்குப்பிடிக்கிற மாதிரி சுற்று எண்ணிக்கையையும் கம்பித் தடிமனையும் மாற்றிச் சுற்றும் பழக்கம் இங்கே ஆழமாக வேரூன்றியதற்கு இதுதான் காரணம். கருகிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு விவசாயி நேராகப் பட்டறை வாசலுக்கே வந்துவிடுவார்.

கல்விக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. 1945-இல் தொடங்கிப் பின்னர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக மாறிய ஆர்தர் ஹோப் கல்லூரி, 1951-இல் பி.எஸ்.ஜி. டெக், 1956-இல் சி.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரி, அதே ஆண்டில் ஜவுளி ஆராய்ச்சிக்கான சிட்ரா. பி.எஸ்.ஜி.யில் கல்லூரியும் பம்பு, மோட்டார் செய்யும் தொழிற்கூடமும் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. பம்புகளைச் சோதிக்க சிட்டார்க் என்ற பரிசோதனை மையம் இருக்கிறது. சின்னத் தயாரிப்பாளரும் தன் பம்பைக் கொண்டுபோய் எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அளந்து வாங்கிக்கொள்ளலாம்.

இனி போட்டி ஊர்கள். திருப்பூரிலும் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வேலை செய்து தரும் பட்டறைகளின், சங்கிலி இருக்கிறது: நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்துவது), கட்டிங், தையல், செக்கிங், அயர்ன். இன்னும் சொன்னால் வேகத்தில் கோவையை மிஞ்சும். ஆனால் சங்கிலி முழுதும் ஒரே பனியன் துணியில் போய் முடிகிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே திணறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் அடி நேராக அங்கேதான் விழுந்தது. கோவையில் நூற்பாலை படுத்தால் பம்பு தாங்கும், பம்பு படுத்தால் வாகன உதிரி தாங்கும்.

திருச்சியின் கதை இன்னும் கடினமானது. திருவெறும்பூரில் பெல் (BHEL) கொதிகலன் ஆலையைச் சுற்றி அருமையான பேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. கனமான தகட்டை வளைப்பதிலும் வெல்டிங்கிலும் அவர்களுக்கு இணையாகக் கோவையைச் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குபவர் ஒருவர். அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது அத்தனை பட்டறையும் ஒன்றாகத் தவித்தன. ஓசூர் பெரிய வாகனக் கம்பெனிகளின் ஊர். சேலத்துக்கு உருக்காலையும் ஜவ்வரிசியும் கொலுசும், கரூருக்கு வீட்டு உபயோகத் துணியும் பஸ் பாடியும். மதுரையை இந்த வரிசையில் வைப்பதே பொருந்தாது. கோயிலும் வணிகமும் கட்டிய ஊரோடு தொழிலில் வளர்ந்த ஊரை எந்த அளவுகோலில் ஒப்பிடுவது?

உண்மையான போட்டி குஜராத்தின் ராஜ்கோட்தான். அங்கேயும் பவுண்டரி, போர்ஜிங், பேரிங், லேத் எல்லாம் அடுத்தடுத்து உண்டு. அதே மாநிலத்திலேயே துறைமுகங்களும் உண்டு. ராஜ்கோட் சப்மெர்சிபிள் தமிழ்நாட்டுக் கடைகளிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கோவைப் பம்புதான் உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஊர்ப்பாசம், அது வாங்குபவருக்கு உதவாது. இரண்டையும் ஒப்பிடும்போது ஹெச்.பி.யையும் விலையையும் மட்டும் பார்க்காதீர்கள். அதே ஹெச்.பி.க்கு ஸ்டாம்பிங் நீளம் எவ்வளவு, பெயர்ப்பலகையில் எத்தனை ஆம்பியர், உங்கள் போரின் ஆழத்தில் எத்தனை லிட்டர் வரும், போர்வெல் பம்பானால் ஐ.எஸ். 8034 முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டாம்பிங்கையும் தாமிரத்தையும் குறைத்த மோட்டார் வாங்கும்போது மலிவு, வோல்டேஜ் விழுகிற லைனில் சீக்கிரம் கருகும். எந்த ஊர்ப் பம்பானாலும், தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாரைப் போருக்குள் இறக்கும் முன் சுத்தமான தண்ணீரைக் காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்புங்கள். அடியில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கு அந்தத் தண்ணீர்தான் எண்ணெய். பாதி நிரப்பி இறக்கினால் பேரிங் தேய்ந்து ரோட்டார் உட்கார்ந்துவிடும்.

கிரைண்டரில் கோவைக்குப் போட்டியே இல்லை. 1955-இல் பி. சபாபதி மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கியது இங்கேதான். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. கல் ஊத்துக்குளிப் பக்கத்தது. கல் வழவழத்துப் போனால் மாவு நேரமெடுத்துச் சூடாகும், கொத்திப் போட வேண்டும். இங்கே அதற்கும் ஆள் உண்டு.

பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். கச்சா இரும்பு, தாமிரம், சிலிக்கான் தகடு எதுவும் இந்த மண்ணில் இல்லை, அத்தனையும் வெளியிலிருந்து வருகிறது. துறைமுகத்துக்குக் கொச்சி அல்லது தூத்துக்குடி போக வேண்டும். 2022 ஜூலையில் பம்புக்கு ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 18 சதவீதமானது, அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. மாதம் முழுக்க ஓடாத சின்னப் பட்டறைக்கு நிலைக்கட்டணம் பெரிய பாரம். எல்லாவற்றையும்விட மோசமானது பாக்கி. பெரியவர் தாமதித்தால் அடுத்தவர், அவருக்கு அடுத்தவர் என்று கடைசி லேத்துக்காரர் வரை பணம் முடங்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் தராத பணத்தை, அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் கழிக்க முடியும் என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவை எடுத்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டுக் கொடுப்பது நல்லது.

எனக்கு உள்ள பெரிய கவலை சோலார் பம்பு. அதன் கன்ட்ரோலரில் இருக்கும் மின்னணுப் பாகங்கள் ஆவாரம்பாளையத்தில் கிடைக்காது. இரும்பும் தாமிரமும் தெரிந்த ஊர் சர்க்யூட் போர்டையும் அதே நெருக்கத்தில் கற்றுக்கொண்டாக வேண்டும்.

தொழில் தொடங்கத்தான் இந்தக் கேள்வி என்றால் என் கருத்து இது. பனியன் என்றால் திருப்பூர், கனமான வெல்டிங் என்றால் திருச்சி, வாகனக் கம்பெனிக்கு லட்சக்கணக்கில் ஒரே உதிரி என்றால் ஓசூர். பல பாகங்கள் சேர்ந்த இயந்திரம், ஆரம்பத்தில் ஐம்பதோ நூறோ போதும் என்றால் கோவைக்கு வாருங்கள். வரும்போது அளவுக் குறிப்போடு கூடிய வரைபடம் கொண்டு வாருங்கள், மாதிரிப் பாகத்தை மட்டும் காட்டினால் தேய்ந்த அளவையே அளந்து செய்துவிடுவார்கள். முதல் பேட்டர்னை உங்கள் செலவில் செய்து உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பவுண்டரி மாற்ற நேர்ந்தால் அது கையில் இருக்க வேண்டும். முதல் ஐந்து காஸ்டிங்கைக் கடைந்து, ஒன்றை அறுத்துச் சுவர்த் தடிமன் பார்த்த பிறகு மீதி ஆர்டரைச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் புது வேலை கொடுக்காதீர்கள். ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், பட்டறைகள் பழைய ஆர்டரை முடிக்கவே ஓடிக்கொண்டிருக்கும்.