பிரசவ வார்டின் முன்னெச்சரிக்கைப் படிவம் உயிர் காக்கிறதா, அல்லது வெறும் காகித வேலையா?

கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்த தாய்மார்களுக்கும் நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை வண்ணக் கட்டங்களில் குறித்து ஆபத்தை முன்கூட்டியே கண்டறியும் படிவங்களால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசவப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் அந்தப் படிவத்தை நிரப்பியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பயன் உண்டு. ஆனால் அதில் எழுதப்படும் எண் உண்மையாக எண்ணப்பட்டதாக இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒருவர் கட்டிலருகே வந்து நிற்கவும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் அது காகிதம்தான்.

பொது வார்டில் பயன்படும் படிவத்தையே இவர்களுக்கும் வைத்துக்கொள்ள முடியாது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் உடலிலுள்ள இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது வரை உயர்கிறது. இடைக் கர்ப்பக் காலத்தில் இரத்த அழுத்தம் சற்றுத் தாழ்கிறது. இந்தக் கூடுதல் இரத்தத்தின் தயவால், ஒரு லிட்டர் இரத்தம் வெளியேறிய பிறகும் இரத்த அழுத்தம் ஒன்றும் நடக்காதது போலக் காட்டக்கூடும். இளம் உடல் கடைசி வரை தாக்குப்பிடித்துவிட்டு, பிறகு ஒரேயடியாகச் சரியும். அதனால்தான் நாடித்துடிப்பை மேல் இரத்த அழுத்தத்தால் (120/80 என்பதில் முதலில் வரும் எண்) வகுத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. விடை 0.9-ஐ எட்டினால், அழுத்தம் மட்டும் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையக் கூடாது.

பிரிட்டனில் தாய்மார் மரணங்களை ஆராய்ந்த குழு, 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் கர்ப்பிணிகளுக்கெனத் தனிப் படிவம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரை உச்சரித்தால் பூனை கத்துவது போல ‘மியோஸ்’ என்று ஒலிக்கும். ஒரு சிவப்புக் குறி அல்லது ஒரே நேரத்தில் இரண்டு மஞ்சள் குறிகள் விழுந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதே அதன் விதி. 2012-இல் வெளியான ஆய்வொன்று இதை 676 பேரிடம் சோதித்தது. உண்மையில் நோய்வாய்ப்பட்டவர்களில் 89 சதவீதத்தினரை அது பிடித்தது. ஆனால் எழுந்த எச்சரிக்கைகளில் 39 சதவீதம் மட்டுமே மெய்யாயின. அதாவது பத்து முறை அழைத்தால் ஆறு முறை ஒன்றும் இருக்காது. நள்ளிரவில் எழுப்பப்படும் மருத்துவருக்கு இது எரிச்சலூட்டும் என்பது தெரிந்ததே. எனக்கு அந்தக் கணக்கு நியாயமாகவே படுகிறது. அமெரிக்காவில் 2014-இல் வகுக்கப்பட்ட அளவுகோல் இன்னும் எளிமையானது. மேல் அழுத்தம் 90-க்குக் கீழே அல்லது 160-க்கு மேலே, நாடி 50-க்குக் கீழே அல்லது 120-க்கு மேலே, மூச்சு 10-க்குக் கீழே அல்லது 30-க்கு மேலே, ஆக்சிஜன் 95 சதவீதத்துக்குக் கீழே என்று சில எல்லைகள்தான்; அவற்றோடு சிறுநீர் குறைவதும் மனக்குழப்பமும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன.

இவற்றுள் மிக முக்கியமானதும் மிக அதிகமாக ஏமாற்றப்படுவதும் மூச்சு எண்ணிக்கைதான். கர்ப்பத்தில் மூச்சின் ஆழம் கூடுகிறதே தவிர எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அது ஏறினால் கர்ப்பத்தின் மேல் பழிபோட முடியாது. இருந்தும் எந்த வார்டின் படிவத்தை எடுத்தாலும் வரிசையாக 18, 20, 18 என்றே இருக்கும், ஏனென்றால் மற்றவற்றை இயந்திரம் அளக்கிறது, இதை மட்டும் மனிதர் ஒரு முழு நிமிடம் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாளில் இருந்த ஒரு தாயின் படிவம் இரவு முழுவதும் 18 என்றே காட்டியது. காலையில் நாடி பார்ப்பது போல அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே (மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சு விடும் விதமே மாறிவிடும்) எண்ணிப் பார்த்தேன்: 28. காய்ச்சல் இல்லை, அழுத்தமும் சரியாகவே இருந்தது. கருப்பையில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் பரவியிருந்தது என்பது மாலைக்குள் உறுதியாயிற்று. அவர் பிழைத்தார். அந்தப் படிவத்தின் 18-களில் முந்தைய நாள் நான் எழுதியவையும் உண்டா என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன்.

எச்சரிக்கைக்குப் பின் என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு பெரிய ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரத்த அழுத்தத்தோடு சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கும் காட்டும் ஒரு கையடக்கக் கருவியை ஆப்பிரிக்கா, இந்தியா, ஹைத்தி ஆகிய இடங்களில் பத்துப் பகுதிகளில் சோதித்தார்கள். 2019-இல் வந்த முடிவில், மரணமோ, உயர் இரத்த அழுத்தத்தால் கர்ப்பிணிகளுக்கு வரும் வலிப்போ அக்கருவியால்தான் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு, நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்தது. பிரசவித்தவரின் கீழே அளவுக்கோடுகள் உள்ள விரிப்பை வைத்து, வடியும் இரத்தத்தைக் கண்மதிப்பாக ஊகிக்காமல் அளந்தார்கள். அளவு எல்லையைத் தொட்டதும் கருப்பையை நீவுதல், மருந்துகள், நரம்புவழித் திரவம் ஆகிய அனைத்தையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். கடும் இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. முதலாவதில் விளக்கு எரிந்தது. இரண்டாவதில் அளவு எட்டியவுடன் யார் என்ன செய்ய வேண்டும் என்பதும் சேர்த்தே முடிவாகியிருந்தது. வார்டில் நான் கண்ட வேறுபாடும் இதுவே.

படிவத்துக்கு எட்டாத ஒரு காலமும் உண்டு. பிரசவத்துக்குப் பின் இரத்த அழுத்தம் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு நாட்களுக்குள்தான் உச்சத்தைத் தொடுகிறது. அப்போது பலர் வீட்டில் இருப்பார்கள். கர்ப்பம் முழுவதும் அழுத்தம் சரியாக இருந்தவருக்கும் ஆறு வாரம் வரை, உயர் இரத்த அழுத்தத்தால் வரும் அந்த வலிப்பின் முன்நிலை (பிரீஎக்லாம்ப்சியா) தலைகாட்டலாம். இதயத் தசை பலவீனமடைவது சில மாதங்கள் கழித்தும் வெளிப்படலாம். ஆகவே விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல் வயிற்றில் வலி, படுத்தால் மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே அறிகுறியைச் சொல்வதற்கு முன்பே, ‘எனக்குப் பிரசவமாகி இத்தனை நாள் ஆகிறது’ என்று சொல்லிவிடுங்கள். கையில் குழந்தை இல்லாமல் வரும் பெண்ணிடம் அதைக் கேட்க அங்கிருப்பவர்களுக்குத் தோன்றாமலே போகலாம்.