ஓகரைச் சுற்றிச் சென்ற ரோக்: நகர்வு விதிகள் பற்றி ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

அல்சூரில் ஒரு நண்பர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்தித் தீர்ப்பும் சொல்லும் எங்கள் டன்ஜன் மாஸ்டர் பழைய 3.5 பதிப்பில் ஊறியவர், வயதிலும் மூத்தவர். சென்ற வாரம் நான் ஆடும் ரோக் (பதுங்கித் தாக்கும் பாத்திரம்), ஓகர் என்ற பெரிய அரக்கனை ஒட்டியே நகர்ந்து அதன் பின்பக்கம் போனான். “முதுகுப்பக்கம் போகிறவனை யார் சும்மா விடுவார்கள்?” என்று சொல்லி, ஆப்பர்சூனிட்டி அட்டாக்குக்கு, அதாவது நகர்பவர் மேல் இடையில் விழும் ஒரு வீச்சுக்கு, அண்ணன் பகடையை உருட்டிவிட்டார். என் ஆள் விழுந்துவிட்டான். அடுத்த சுற்றில் எங்கள் மந்திரவாதியான விசார்ட் தண்டர்வேவ் மந்திரத்தால் ஓகரைப் பத்தடி தள்ளினார். பக்கத்தில் நின்ற போர்வீரனான ஃபைட்டர் தனக்கு ஒரு வீச்சு உண்டா என்று கேட்டதற்கு, “புத்தகத்தில் அப்படி இல்லை” என்று மறுத்துவிட்டார். விதிகளை எழுத்துப்படி வாசிப்பதா, நிஜச் சண்டையை மனத்தில் வைத்து வாசிப்பதா?

ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

தண்டர்வேவ் பற்றிய தீர்ப்பு சரியானது. உங்கள் ரோக்குக்குக் கிடைத்த தீர்ப்பு ஐந்தாம் பதிப்பின்படி தவறானது.

கண்ணுக்குத் தெரிகிற எதிரி ஒருவர் நம் ஆயுதம் எட்டும் தூரத்தை விட்டு வெளியேறும்போதுதான், அதுவும் தன் சொந்த நகர்வாலோ ஆக்‌ஷனாலோ ரியாக்‌ஷனாலோ வெளியேறும்போதுதான், இந்தப் பதிப்பில் ஆப்பர்சூனிட்டி அட்டாக்குக்கு இடம் உண்டு. தள்ளப்பட்டவருக்கும் டெலிபோர்ட் ஆனவருக்கும் (நடக்காமலே இடம் மாறியவருக்கும்) அது பொருந்தாது. ஓகர், ஐந்தடிக் கட்டங்களாலான வரைபடத்தில் இரண்டுக்கு இரண்டு கட்டங்களை அடைத்துக்கொள்ளும் உருவம். அதன் கிரேட்கிளப் என்ற பெரிய தடி ஐந்தடி எட்டும். அதன் முன்னிருந்து பின்னுக்குப் போக, குறுக்காக ஒரு கட்டம், நேராக ஒன்று, மறுபடி குறுக்காக ஒன்று என்று பதினைந்து அடி போதும். அந்த வழியில் ஓகரை ஒட்டாத கட்டம் ஒன்றுகூட இல்லை என்பதால், உங்கள் ஆள் அதன் எல்லையை விட்டு ஒரு கணமும் வெளியேறவில்லை.

உங்கள் அண்ணனின் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. 2003இல் வந்த 3.5 பதிப்பில், எதிரி எட்டக்கூடிய ஒரு கட்டத்தை விட்டு நகர்ந்தாலே வீச்சு விழும். அதைத் தவிர்க்க ஐந்தடி மட்டும் நகர வேண்டும், அல்லது உருண்டு தப்பும் டம்பிள் திறனில் தேற வேண்டும். அந்த விதிக்குள் அது நியாயமானது. 2014இல் ஐந்தாம் பதிப்பு அதைக் கைவிட்டதால் போர்க்களம் இளகியது. வாசலில் நின்று வெட்டிக்கொண்டேயிருப்பவர்கள் சுற்றி வர முடிந்தது. பழைய விதியை இங்கே கொண்டுவந்தால் அந்த இளக்கம் போய்விடும். போதாததற்கு, முதுகு என்ற ஒன்றே இந்த விதிகளின் அடிப்படையில் இல்லை. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது டன்ஜன் மாஸ்டருக்கான 2014 கையேட்டில் விருப்ப விதியாக மட்டுமே உள்ளது. ஒரு சுற்று என்பது ஆறு நொடி; அதற்குள் ஓகரும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. (ஃபைட்டர் ஓகரை ஒட்டி நின்றிருந்தால், ரோக்கின் கூடுதல் அடியான ஸ்நீக் அட்டாக்குக்கு நீங்கள் பின்பக்கம் போகவேண்டிய தேவையே இல்லை. இருந்த இடத்திலிருந்தே அடித்திருக்கலாம்.)

நிஜச் சண்டை என்ற வாதத்தை நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம், அது கூப்பிட்ட பக்கமெல்லாம் வரும் என்பதே. நிஜத்தைக் கேட்டால், பத்தடி தள்ளப்பட்டுத் தடுமாறும் ஓகரைப் போல் எளிதான இலக்கு வேறில்லை. ஃபைட்டருக்கு வீச்சு கொடுத்திருக்க வேண்டும். ரோக்குக்கு நிஜமும் ஃபைட்டருக்குப் புத்தகமும் அளவுகோலானபோது, இரண்டு முறையும் ஓகரே பிழைத்தது. அண்ணனின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் மனத்தில் இது படியும்.

ஒரு தவறான தீர்ப்பு ஒருவரோடு நிற்பதுமில்லை. இந்த வீச்சு ரியாக்‌ஷன் எனப்படும் பதில் செயலைச் செலவழிக்கும்; ஓகருக்கு ஒரு சுற்றில் ஒரே ரியாக்‌ஷன்தான். அதை உங்கள் மேல் செலவழித்துவிட்டால், அதன் அடுத்த முறை வரும்வரை உங்கள் விசார்ட் இந்த வீச்சைத் தவிர்க்கும் டிஸ்எங்கேஜ் செயலை எடுக்காமலே அதன் பக்கத்திலிருந்து விலகி நடக்கலாம். முப்பதடி வேகத்தில் எவ்வளவு செலவழிப்பது, யார் முதலில் விலகுவது, யார் அடி வாங்கிக்கொள்வது என்று ஆடுபவர்கள் போடும் கணக்கு முழுவதும் விதி முன்கூட்டியே தெரிந்திருப்பதை நம்பித்தான் நடக்கிறது. ஆகவே வீட்டுவிதி வைக்கும் உரிமை டன்ஜன் மாஸ்டருக்கு முழுமையாக உண்டு என்றாலும், பொம்மை நகர்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். “இந்த வழியில் போனால் அடி விழும், போகிறீர்களா?” என்று அவர் கேட்டிருந்தால், நீங்கள் வேறு வழி பார்த்திருப்பீர்கள்.

புத்தகத்தை நேரடியாகப் படித்தும் யோசிக்க வேண்டிய இடங்கள் உண்டு. மாடத்தின் விளிம்பிலிருந்து ஒருவர் தானே காலெடுத்து வைத்துக் கீழே குதிக்கிறார் என்று கொள்வோம். எதிரியைத் தாண்டி விழுவதற்கு வீச்சு கிடையாது. ஆனால் விளிம்பைத் தாண்டும் அந்த ஓர் எட்டு அவருடைய சொந்த நகர்வு. அந்த எட்டிலேயே அவர் எதிரியின் எல்லையை விட்டுப் போகிறார் என்றால் வீச்சு உண்டு. எதிரி விளிம்போரம் பக்கத்திலேயே நின்று, விழும்போதுதான் எல்லை கடக்கிறது என்றால் இல்லை என்பது என் வாசிப்பு. வேறு மேசையில் வேறு மாதிரி தீர்ப்பு வந்தால் அதோடும் ஆட நான் தயார், குதிப்பதற்கு முன் சொல்லிவிட்டால்.

விழுந்துவிட்ட ரோக்கை எழுப்பித் தரும்படி அண்ணனிடம் தயங்காமல் கேளுங்கள். இந்தக் கடிதத்தைக் காட்டுவதைவிட, நகர்வு பற்றிய பக்கங்களை இருவரும் சேர்ந்து ஒருமுறை படிப்பது நல்லது.